கூத்தர் நினைவும் அண்ணாவியார் தாளமும்

தொலைக்காட்சி நாடகத்தில் நடிப்பவர் காலையிற் கற்ற வசனத்தை மாலையில் மறந்தாலும் குறையில்லை. காட்சிகள் துண்டு துண்டாகப் படமாக்கப்படுவதால், ஒருமுறை பிழையின்றிச் சொன்னாற் போதும். தவறினால் மீண்டும் எடுப்பர். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979ஆம் ஆண்டிலேதான். அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலுள்ள பழுகாமம் போன்ற ஊர்களில், இரவு தொடங்கி விடியும்வரை ஆடிப் பாடும் கூத்துக்களை உழவர்கள் மனத்திலே தாங்கி நின்றனர். அவர்களுட் பலர் எழுத்தறியாதவர். அஃது எங்ஙனம் இயன்றது?

கூத்துப் பழகுதல் 'சட்டங் கொடுத்தல்' என்னும் சடங்குடன் தொடங்கும். நல்ல நாளில், ஊர்ப் பெரியோர் முன்னிலையில், இன்னார்க்கு இன்ன பாத்திரம் என முடிவுசெய்து, அவரவர் பாடவேண்டிய பகுதியை மட்டும் எழுதி அண்ணாவியார் வழங்குவார். முழுக் கொப்பி அவரிடமே இருக்கும். இவ்வழக்கம் பிறநாட்டிலும் இருந்தது. சேக்சுபியர் காலத்து நடிகரான எட்வேட் அலெயின் பயன்படுத்திய, அவர் பகுதி மட்டும் எழுதப்பெற்ற ஏடொன்று இலண்டன் டல்லிச் கல்லூரியில் இன்றும் உள்ளது.

ஆயினும் எழுதிய சட்டம் சிறு துணையே. வாசிக்கத் தெரியாதவன் அண்ணாவியார் வாய்ச்சொல்லைக் கேட்டே பாடம் செய்தான். வயல்வேலை முடிந்த இரவுகளில் முதலில் கால்களே பழகின. தாளக்கட்டுக்கேற்ப அடிவைக்கத் தெரிந்த பின்னர், பாட்டு அத்தாளத்தின்மேல் ஏறி அமர்ந்தது. மத்தளம் ஒலித்தவுடன் கால் எழும். கால் எழுந்தால் அடியும் நாவில் வரும். முதலடியின் எதுகை அடுத்த அடியின் தொடக்கத்தை நினைவூட்டும். அன்றியும், கூத்தன் ஓரடி பாடி நிறுத்த, பிற்பாட்டுக்காரர் அதனைத் திரும்பப் பாடுவர். அவ்விடைவெளியிலே அவன் ஆடுவான், மூச்சு வாங்குவான், மறந்த சொல்லையும் தேடிக்கொள்வான். அதுவும் கைகொடாதவிடத்து, கொப்பி பார்ப்பவர் அடியெடுத்துக் கொடுப்பார். சுற்றிலும் மக்கள் அமர்ந்திருக்கும் வட்டக் களரியில் இவ்வுதவியை மறைக்க இயலாது. மறைக்கவேண்டுமென்று எவரும் கருதியதுமில்லை.

கதையும் புதிதன்று. திரௌபதையம்மன் கோயில் அமைந்த பழுகாமத்தில், பாரதக் கதை சடங்கோடு கலந்தது. கர்ணனாக ஆடுபவன் தன் முடிவைச் சிறுவயதிலேயே அறிந்தவன். சதங்கை அணிந்தபின் கிழமைதோறும் ஆடிப் பார்த்து, அடுக்குப் பார்த்து, அரங்கேறுவதற்குள் மாதங்கள் பல கழிந்துவிடும். இந்நீண்ட காலமே நினைவை உறுதியாக்கியது.

1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். 1964இல் 'இராவணேசன்' வந்தது. விடியவிடிய ஆடும் கூத்து நகர மேடைக்கேற்பச் சுருங்கிற்று. சுருக்கியதிற் பிழை காண்பது நியாயமன்று; கற்றோர் கூத்தை மதிக்கத் தொடங்கியது அதன் பின்னரே. 'அலங்காரரூபன் நாடகம்' போன்றவை அச்சேறியதால் சொற்களும் பிழைத்தன. ஆனால் நூலிலே தருவின் சொல்லைக் காணலாம். அதனை இழுக்குமிடமும் நிறுத்துமிடமும் காணமுடியாது. எழுத்தில் வல்ல பல்கலைக்கழக மாணவரும் ஆட்டத்தையும் பாட்டையும் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரிடமே கற்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் ஊர்கள் இடம்பெயர்ந்தபோது, கொப்பியை மூட்டையிற் கட்டிச் செல்ல முடிந்தது. கிழமைதோறும் கூடும் களரியை அவ்வாறு கொண்டுசெல்ல முடியவில்லை.