பூச்சி விரட்டும் மூலிகைகள்

மனிதரையும் அவர்தம் வளர்ப்புப் பிராணிகளையும் கடித்து வருத்தும் கொசு, ஈ, உண்ணி, தெள்ளுப்பூச்சி ஆகியவற்றை அண்டவொட்டாத வாசனையோ கசப்போ இயற்கையாகவே அமையப்பெற்ற தாவரங்கள் இவை. தம்மைத் தின்ன வரும் புழுபூச்சிகளிடமிருந்து தப்பும்பொருட்டு இலையிலும் விதையிலும் பட்டையிலும் செடிகொடிகள் சேமித்து வைத்த இரசாயனப் பொருள்களையே மனிதன் தன் ரக்ஷணைக்கும் எடுத்துக்கொண்டான். விரட்டுதல் வேறு, கொல்லுதல் வேறு. டால்மேஷியாவைத் தாயகமாகக் கொண்ட பைரித்ரம் பூவின் பொடி நரம்பைத் தாக்கிப் பூச்சியைக் கொல்வதாகையால், அது இவ்வினத்தில் முழுமையாக அடங்காது.

பெண்கொசு, மூச்சோடு வெளிப்படும் கரியமில வாயு, உடற்சூடு, வியர்வையின் வாடை ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு வந்தே ஆளை அடைகின்றது. அவ்வழியைக் குழப்புவதே மூலிகை மணத்தின் வேலை.

தமிழ்நாட்டில் இதற்குப் பேர்போனது நொச்சி. பொழுது சாயும் நேரத்தில், தொழுவத்தில் காற்று வரும் பக்கமாக வரட்டித் தணல் மூட்டி, அதன்மேல் அரைகுறையாக உலர்ந்த நொச்சித் தழையையும் வேப்பந்தழையையும் போட்டால், தழை தீப்பற்றாமல் கனன்று அடர்ந்த புகையைக் கிளப்பும்; அதுவரை வாலைச் சுழற்றியும் காதை உதறியும் நிலைகொள்ளாது நின்ற மாடு, சற்றைக்கெல்லாம் படுத்து அசைபோடத் தொடங்கும். நொச்சியை வேலியோரம் நட்டுவிட்டாலே கொசு வாராது என்று பலர் நம்புகின்றனர்; சென்னை மாநகராட்சியும் அந்நம்பிக்கையில் கன்றுகள் வழங்கியதுண்டு. ஆயினும் இலை கசங்கியோ கருகியோ அதன் எண்ணெய் காற்றிற் கலந்தாலன்றி, செடி வெறுமனே நிற்பதனால் விளையும் பயன் சொற்பமே. மூடிய அறையில் இப்புகை நுரையீரலுக்குக் கேடு என்பதையும் மறத்தலாகாது.

வேம்பின் சிறப்பு வேறுவகையது. 1959-இல் சூடான் தேசத்தில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சையனைத்தையும் மொட்டையடித்தபோது, வேப்பமரங்கள் மட்டும் தழைத்து நின்றதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி கண்டார். பூச்சியின் உணவு வேட்கையைக் கெடுக்கும் அசாடிராக்டின் என்னும் பொருள் 1968-இல் வேப்பவிதையினின்று பிரித்தெடுக்கப்பட்டது. வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து மேலுக்குப் பூசிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பச்சிளங்குழந்தைகளுக்கு அதை உள்ளுக்குப் புகட்டுவதோ பெரும் அபாயம்.

இலங்கையின் தென்பகுதியில் பயிராகும் சிட்ரொனெல்லா புல்லின் தைலம் உலகறிந்தது. எனினும் விரைவில் ஆவியாகும் சுபாவமுடையதால், ஓரிரு மணி நேரத்துக்குள் மீண்டும் பூச நேரும். எலுமிச்சை மணமுடைய யூகலிப்டஸ் இலையிலிருந்து பதப்படுத்திப் பெறும் பொருள் அதனினும் நெடுநேரம் காப்பதென்று அமெரிக்க சுகாதாரத்துறையும் ஏற்றுள்ளது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது விலக்கப்பட்டது.

வளர்ப்புப் பிராணிகள் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நாயின் காதுமடிப்பிலும் கால்விரலிடுக்கிலும் உண்ணி ஒளிந்திருக்கும். அங்கே வேப்பெண்ணெயை நீர்க்கக் கலந்தே தடவுவர், ஆனால் தடவியதை அது நக்கிவிடும். பூனையின் ஈரலோ வாசனைத் தைலங்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் குறைந்தது. மனிதருக்குச் சுகம் தரும் சில துளிகளே அதற்கு விஷமாகலாம். ஆகவே பூனை வளர்ப்போர் கால்நடை மருத்துவரைக் கேளாது எந்தத் தைலத்தையும் அதன் உடம்பில் தடவ வேண்டா.