ஒரு ரூபாய்க்கு ஒரு டாலரா?



சென்ற ஆண்டு சந்திப்பு முடிந்து கேன்டீன் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தோம். மூன்றாமாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, சுதந்திரம் வாங்கினப்ப ஒரு டாலர் ஒரு ரூபாய்தானாமே? அப்புறம் எப்படிண்ணா இப்படி ஆச்சு?" பக்கத்தில் நின்ற என் வயதுக்காரர்கள் நாலு பேரும் தலையாட்டினார்கள். படிக்கிற காலத்தில் நானும் அதை நம்பியவன்தான். மலருக்குக் கட்டுரை கேட்டதும், அந்தத் தம்பிக்கே பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கணக்கு நம்ம முதலாமாண்டு கணக்கைவிட எளிது. அன்றைக்கு நம் ரூபாய் டாலரோடு அல்ல, இங்கிலாந்து பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. 1927-ல் போட்ட சட்டப்படி ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். வகுத்துப் பாருங்கள், ஒரு பவுண்டு 13.33 ரூபாய். 1947-ல் ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர். ஆக, ஒரு டாலர் 3 ரூபாய் 31 காசு. ஒன்றுக்கு ஒன்று என்பது யாரோ கட்டிவிட்ட கதை!

இந்த மாற்று விகிதத் தகராறு நம்ம ஊருக்குப் பவுண்டு காலத்தில்தான் வந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். தருமபுரி அதில் அடக்கம். கூடவே 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். அதில் பாதியை உடனே கட்ட வேண்டும். முழு எடையுள்ள வராகனாகவோ, மொகராவாகவோ, ரூபாயாகவோ, பொன் வெள்ளிக் கட்டியாகவோ கொடுக்கலாம் என்று எழுதினார்கள். வராகன் தங்கம், ரூபாய் வெள்ளி. எத்தனைக்கு எத்தனை என்று ஒரு விலை இல்லாமல் இந்தக் கணக்கு தீராது அல்லவா?

கேப்டன் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே வந்து நிலவரிக்கு ஏற்பாடு செய்தபோது மைசூர் கண்டீரவ பணமும் சென்னை நட்சத்திர வராகனும் வேறு வேறு கணக்கு. அங்கே பத்துப் பணம் ஒரு வராகன். சென்னையில் 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம். (இன்று நாம் பொதுவாகச் சொல்லும் பணமும் காசும் ஒரு காலத்தில் தனித்தனி நாணயத்தின் பெயர்கள்!) ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றினால் சராப்பு வட்டம் பிடித்துக்கொள்வார். 1818-ல் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாய்க்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள்.

பிறகு 1870-களில் உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது. ஏறக்குறைய 2 ஷில்லிங் பெற்ற ரூபாய் 1890-களின் நடுவில் 1 ஷில்லிங் 1 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. ஓய்வுபெற்ற வெள்ளைக்கார அதிகாரியின் பென்ஷனும் ரயில்வே கடனுக்கு வட்டியும் லண்டனில் பவுண்டில் போய்ச் சேர வேண்டும். வரியோ இங்கே ரூபாயில்தான் வசூல். அதே பவுண்டுக்குக் கூடுதல் ரூபாய் அனுப்ப வேண்டியிருந்தது. 1893-ல் நாணயச் சாலைகளில் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளிக்கு ரூபாய் அடித்துத் தருவதை நிறுத்தி, பிறகு 1 ஷில்லிங் 4 பென்ஸில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1927-ல் அதை 18 பென்ஸ் ஆக்கியபோது பம்பாய் வணிகர் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் கடுமையாக எதிர்த்தார். அவர் எதிர்த்ததில் நியாயம் இருந்தது என்பது என் கட்சி. 16 பென்ஸ் கணக்கில் ஒரு பவுண்டு சரக்குக்கு 15 ரூபாய் பெற்றவர், 18 பென்ஸ் கணக்கில் 13.33 தான் பெறுவார். பருத்தியும் நிலக்கடலையும் விளைவித்தவன் வயிற்றில் அடித்த கணக்கு அது.

சுதந்திரத்துக்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1949-ல் பவுண்டு இறங்க, ரூபாயும் கூடவே இறங்கி டாலர் 4.76 ஆனது. 1966 ஜூன் 6-ல் ஒரே நாளில் 7.50. 1991-ல் கையில் இருந்த அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும். ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு விமானத்தில் அனுப்பி அடகு வைத்தது. அப்போதைய கவர்னர் வெங்கிடரமணன் நம்ம நாகர்கோவில்காரர். ஜூலை 1, 3 தேதிகளில் இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 1993 மார்ச்சில் இருந்து விலையைச் சந்தையிடம் விட்டார்கள். அப்போது டாலர் 31 ரூபாய் சொச்சம்.

இதெல்லாம் எனக்கு உறைத்தது 2013-ல். அமெரிக்காவில் மேல்படிப்பு, இரண்டாம் ஆண்டு. 8,000 டாலர் கட்டணம். மே மாதம் டாலர் 54 ரூபாயாக இருந்தபோது அப்பா 4 லட்சத்து 32 ஆயிரம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஆகஸ்ட் கடைசியில் கட்டப் போனபோது 68. அதே கட்டணம் 5 லட்சத்து 44 ஆயிரம்! கல்விக் கடன் ரூபாயில் ஒதுக்கியது, அது ஒரு பைசா கூடவில்லை. "எட்டாயிரம் எட்டாயிரமாத்தானேடா இருக்கு, நமக்கு மட்டும் ஏன் ஏறுது?" என்று போனில் அப்பா கேட்டார். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அம்மாவின் பத்து பவுன் அடகுக்குப் போனது. (அந்தப் 'பவுன்' என்ற சொல்லே பவுண்டில் இருந்து வந்ததுதான். ஒரு பவுண்டு தங்க நாணயம் 7.98 கிராம், நாம் 8 கிராமாக்கிக்கொண்டோம்.)

அதே வாரம் என் பழைய அறைத்தோழன் குஷியாகப் பேசினான். அவர்கள் வீட்டில் கிரானைட் ஏற்றுமதி. டாலரில் பேசி வைத்த ஆர்டர்; கல் அதே கல், ரூபாய் மட்டும் கூடுதலாக வந்தது. "மச்சான், ட்ரீட் வைக்கிறேன்டா!" என்றான். எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

2015-ல் வேலை கிடைத்து டாலர் அனுப்ப ஆரம்பித்தேன். அப்போதும் டாலர் 63 ரூபாய்க்கு மேல்தான், பெரிதாக இறங்கவில்லை. அப்பா நோட்டில் இந்த முறை வரவுப் பக்கம் எழுதினார். அந்த ஆண்டு தீபாவளிக்கு முன் அம்மா நகையை மீட்டுப் போட்டுக்கொண்டார். அறைத்தோழனின் ட்ரீட் மட்டும் இன்னும் பாக்கி; இந்த மலரைப் படித்தாவது அவன் வைக்கட்டும்.