விடிவெள்ளி விழுந்த கதை

எங்கள் ஊர்க் கோயிலில் பீடத்துக்கு இடப்பக்கம் மிக்கேல் சம்மனசு என்ற வானதூதர் நிற்கிறார். ரோஜா நிறக் கன்னம், ஒரு கையில் ஈட்டி, மறு கையில் தராசு. காலடியில் மல்லாந்து கிடப்பவன் பசாசு. கொம்பு, வௌவால் சிறகு, வெளியே தள்ளிய நாக்கு. எந்தக் காலத்திலோ சுரூபத்துக்கு வர்ணம் அடித்தவர் தன் பங்குக்கு ஒரு முறுக்கு மீசையும் வைத்துவிட்டார். சின்ன வயதில் பூசை நேரம் முழுக்க நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மீசைக்காரனைத்தான். கரி மாதிரிக் கறுப்பு. சம்மனசின் நிறத்தில் எங்கள் ஊரில் ஒருவரும் கிடையாது. காலடியில் கிடந்தவனின் நிறத்தில், கடலுக்குப் போகும் எல்லா அப்பாக்களும் இருந்தார்கள்.

தமிழாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு செப்டம்பர் மாதம், 29-ஆம் தேதி அதிதூதர்கள் திருநாள் நெருங்குகிற சமயம், என் பாட்டி எனக்குச் சொன்னபடியே பிள்ளைகளுக்குச் சொன்னேன். உலகம் உண்டாவதற்கு முன்னால் லூசிபர் என்று ஒரு சம்மனசு இருந்தான். எல்லாரிலும் அழகன், அறிவாளி. கடவுளுக்கு நிகராக உட்கார ஆசைப்பட்டான். மிக்கேல் அவனை உதைத்துத் தள்ளினார். மூன்றில் ஒரு பங்கு சம்மனசுகள் அவனோடு விழுந்து பசாசுகள் ஆயின. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், மடியில் பைபிளோடு, "சார், இது எத்தனாவது அதிகாரம்?" என்றான். "தொடக்க நூல்ல முதல் ரெண்டு மூணு அதிகாரத்துக்குள்ள இருக்கும், பாரு" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். பூசைக்கு இரண்டாம் மணி அடிக்கும்போது எழுந்து நின்றான். "இல்ல சார்."

அன்று ராத்திரி நான் தேடினேன். எனக்கும் கிடைக்கவில்லை.

தொடக்க நூலில் இருப்பது பாம்பு. அது சாத்தான் என்று அங்கே ஒரு சொல்கூட இல்லை. காட்டு விலங்குகளில் தந்திரம் மிக்கது என்பதோடு சரி. முடிச்சுப் போட்டதெல்லாம் பிற்காலத்தார். வானத்துப் போர் வருவது பைபிளின் கடைசிப் புத்தகத்தில், திருவெளிப்பாடு 12-இல். அரக்கப் பாம்பு விண்மீன்களில் மூன்றில் ஒரு பங்கை வாலால் இழுத்துப் போடுகிறது. பாட்டியின் கணக்கு இங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்தப் போர் படைப்புக்கு முன்னால் நடந்ததாக அதில் இல்லை. ஒரு பெண் பெற்ற ஆண்குழந்தை கடவுளிடம் எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகு நடக்கிறது. லூசிபர் என்ற பெயரும் அங்கே கிடையாது.

பெயர் இருக்கும் இடம் எசாயா 14. பாபிலோன் அரசன் தொலைந்தபின் பாடுவதற்கென்று இஸ்ரயேலர் வாயில் வைக்கப்பட்ட பாட்டு அது. நம்மிடம் ஒப்பாரி உண்டு, வசைப்பாட்டும் உண்டு. இரண்டையும் சேர்த்து முறுக்கினால் இந்தப் பாட்டு வரும். அரசன் செத்ததும் லெபனோனின் கேதுரு மரங்கள் சந்தோஷப்படுகின்றன, இனி வெட்ட ஆள் ஏறி வராது என்று. அந்தப் பக்கம் படையெடுத்து வந்த ராஜாக்கள் அந்த மரங்களை வெட்டிக்கொண்டு போனார்கள். பாதாளத்தில் முன்பே போய்ச் சேர்ந்த மன்னர்கள் இருக்கையை விட்டு எழுந்து, வா வா, நீயும் வந்துவிட்டாயா என்கிற தோரணையில் வரவேற்கிறார்கள். படுக்கப் புழு மெத்தை, போர்த்தப் புழுப் போர்வை. அந்த இடத்தில்தான் பாட்டு அவனை 'விடிவெள்ளி' என்று அழைக்கிறது. கடற்கரைக்காரர்களுக்கு விடிவெள்ளியை விளக்க வேண்டாம். கிழக்கே மற்ற எல்லா மீன்களையும்விடப் பளீரென்று ஏறும். சூரியன் தலைகாட்டியதும் இருந்த இடம் தெரியாது. தலைகால் புரியாமல் ஆடிய ராஜாவை இதைவிடக் கச்சிதமாகக் கேலி செய்ய முடியாது.

எபிரேயத்தில் அந்தச் சொல் 'ஹேலேல்'. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் பைபிளை லத்தீனில் பெயர்த்தபோது, விடியற்காலை வெள்ளிக்கு லத்தீன்காரர்கள் வழக்கமாகச் சொல்லிவந்த சொல்லைப் போட்டார்: லூசிபர், ஒளி கொண்டுவருபவன். அப்போது அது கெட்ட சொல் இல்லை. அதே நூற்றாண்டில் சார்தீனியாத் தீவின் காலியாரி நகரத்து ஆயர் ஒருவரின் பெயரே லூசிபர். ஆரியுஸ் கொள்கைக்காரர்களோடு மல்லுக்கட்டி, பேரரசனால் நாடுகடத்தப்பட்ட வைதீக ஆயர். பேதுருவின் இரண்டாம் திருமுகத்தின் லத்தீன் பெயர்ப்பிலும் இதே சொல் நல்ல பொருளில்தான் வருகிறது. பாஸ்கா இரவில் பெரிய மெழுகுதிரியின் முன் லத்தீனில் பாடும் புகழுரையில், மறையாத லூசிபர் என்று சொல்வது யாரை என்று நினைக்கிறீர்கள்? கிறிஸ்துவை.

ராஜாவைத் திட்டிய பாட்டைச் சாத்தானின் ஜாதகமாக வாசித்ததில் பெரும்பங்கு, ஜெரோமுக்கும் முந்தியவரான அலெக்சாந்திரியா இறையியலர் ஓரிஜனுக்கு. 3-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. சில உயிர்கள் நல்லவையாகவும் சில கெட்டவையாகவுமே பிறக்கின்றன, மாற்ற முடியாது என்று ஞானவாதிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓரிஜனுக்கு அது ஒப்பவில்லை. சாத்தானேகூட ஒரு காலத்தில் நல்லவன், தன் விருப்பத்தால் கெட்டான் என்று நிறுவ அவருக்குச் சான்று தேவைப்பட்டது. எசாயாவின் பாட்டை எடுத்தார். எசேக்கியேல் 28-இல் தீர் நகரத்து அரசனுக்கான புலம்பலையும் எடுத்தார். ஏதேன் தோட்டத்தில் ரத்தினங்கள் பூண்டு நின்ற கெருபு, அழகால் செருக்குற்று வீழ்ந்தது என்கிற பாட்டு அது. தீர் கப்பல் வியாபாரத்தில் கொழித்த தீவு நகரம். ரத்தினப் பட்டியல் அந்த வியாபாரிகளைக் குத்தத்தான் என்று எனக்குப் படுகிறது. ஓரிஜனின் கையில் இரண்டு ராஜாக்களும் சேர்ந்து ஒரு சம்மனசு ஆனார்கள். பாட்டி சொன்ன அழகும் அகந்தையும் இப்படி வந்து சேர்ந்தவை. கெட்டவன் தன் விருப்பத்தால் கெட்டான் என்றால் திரும்பி வரவும் முடியுமே என்கிற பக்கம் ஓரிஜனின் சிந்தனை சாய்ந்தது. 553-இல் கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கம் அவரைக் கண்டனம் செய்தது. அவர் எழுதிய ஜாதகத்தை மட்டும் திருச்சபை வைத்துக்கொண்டது.

அப்படியானால் அதற்கு முன் சாத்தான் யார்? யோபு நூலில் அவன் வானுலக தர்பாரில் வரிசையில் வந்து நிற்கிறான். எபிரேயத்தில் அது பெயர்கூட இல்லை, பதவி: குற்றம் சாட்டுபவன். உலகைச் சுற்றி வேவு பார்த்து அறிக்கை கொடுக்கும் அதிகாரி. அனுமதி இல்லாமல் யோபின் ஒரு ஆட்டைக்கூடத் தொட முடியாது. எண்ணிக்கை நூலில் பிலயாமின் கழுதையை வழிமறிக்கும் ஆண்டவரின் தூதருக்கே அந்தச் சொல்தான் வருகிறது, எதிர்நிற்பவர் என்ற பொருளில். பிறகு நடந்ததை இரண்டு வசனங்களை அருகருகே வைத்தால் பார்த்துவிடலாம். தாவீது மக்கள்தொகைக் கணக்கு எடுத்தது பாவமாயிற்று. அவரைத் தூண்டியது யார்? 2 சாமுவேல் 24-இல் ஆண்டவரின் சினம். பல தலைமுறை கழித்து அதே கதையைத் திரும்ப எழுதிய 1 குறிப்பேடு 21-இல், சாத்தான். நடுவில் யாரோ ஒருவருக்குக் கூசியிருக்கிறது. கடவுள் இப்படியெல்லாம் செய்வாரா என்ற அந்தக் கூச்சத்தில்தான் பசாசு வளர்ந்தான் என்பது என் கட்சி.

ஓரிஜனுக்கு முன்பு கிறிஸ்தவர்கள் அறிந்திருந்த 'விழுந்த தூதர்' கதை முற்றிலும் வேறு. அதில் செருக்கு இல்லை, சிம்மாசன ஆசை இல்லை. காதல்தான்.

தொடக்க நூல் 6-இல் நாலே நாலு வசனம்: இறைவனின் புதல்வர் மனிதரின் புதல்வியரைப் பார்த்து மணந்தார்கள். பழைய தமிழ் பைபிள் அவ்விடத்தில் 'இராட்சதர்' என்ற சொல்லையும் போடுகிறது. இந்த நாலு வசனத்தை விரித்து, கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே அரமேய மொழியில் ஒரு புத்தகம் எழுந்தது. ஏனோக்கு நூல். அதில் இருநூறு காவல்தூதர்கள், இன்றைய லெபனோன் சிரியா எல்லையிலுள்ள எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். தலைவன் செமிகாசாவுக்கு உள்ளூர பயம். கடைசியில் நீங்கள் நழுவிவிட்டால் பழி முழுக்க என் தலையில் விடியுமே என்கிறான். அதனால் எல்லாரும் சேர்ந்து சத்தியம் செய்துகொள்கிறார்கள். இந்த இடத்தை முதல்முறை படித்தபோது சிரித்துவிட்டேன். தோப்பில் இளநீர் திருடப் போகுமுன் நாங்கள் செய்த அதே சத்தியம்.

இறங்கியவர்கள் பெண்களை மணந்தார்கள், தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். வேர், மூலிகை, மந்திரம். அசாசேல் என்பவன் வாளும் கேடயமும் அடிக்கக் காட்டினான். வளையல் செய்யவும், அஞ்சனக் கல்லை அரைத்துக் கண்ணுக்கு மை தீட்டவும் காட்டினான். பிறந்த பிள்ளைகள் பூதாகாரமானவர்கள். விளைச்சலைத் தின்று தீர்த்தபின் மனிதரைத் தின்றார்கள். அசாசேலைக் கைகால் கட்டிப் பாலைவனக் குழியில் தள்ளி, மேலே கூர்ங்கற்களைக் குவித்து மூடுகிறார் அதிதூதர் ரபேல். ராட்சதர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாகிறார்கள். செத்த உடம்புகளிலிருந்து கிளம்பிய ஆவிகள்தாம் பேய்கள்! அகாலமாகச் செத்தவன் ஆவி அலையும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு இதைப் புரிந்துகொள்ள யாருடைய உரையும் தேவைப்படவில்லை.

இந்தக் கதையை ஆதித் திருச்சபை மெய்யென்றே எடுத்துக்கொண்டது. புதிய ஏற்பாட்டின் யூதா திருமுகம் ஏனோக்கு நூலிலிருந்து மேற்கோளே காட்டுகிறது. 200-ஐ ஒட்டி கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியன், பெண்கள் நகை அணியவும் சாயம் பூசவும் கூடாது, அவை விழுந்த தூதர் கொடுத்த சீதனம் என்றார். வெள்ளத்தில் அந்தப் புத்தகம் அழிந்திருக்காதா என்று கேட்டவர்களுக்கு, நோவா ஏனோக்கின் கொள்ளுப்பேரன், மனப்பாடமாக வைத்திருந்திருப்பார் என்று பதில் வைத்திருந்தார். என் சித்தி ஒருவர் நகை போடாத சபையில் சேர்ந்து காதுத் தோட்டைக் கழற்றி வைத்தவர். துளை மட்டும் மிச்சம். அவருக்கு அசாசேலைத் தெரியாது. சபையில் காட்டும் வசனங்களும் வேறு. ஆனாலும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தெர்த்துல்லியன் ஞாபகம்தான். அந்த எழுத்தில் தெர்த்துல்லியன் வாள் அடிக்காதே என்பதைவிட மை தீட்டாதே என்பதைத்தான் உரக்கச் சொன்னார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இதற்கு நடுவில் இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. ஆதாமைப் படைத்ததும் அவனை வணங்கச் சொன்னார்களாம். எனக்குப் பின்னால் வந்தவனை நான் ஏன் வணங்க வேண்டும் என்று சாத்தான் மறுத்தானாம். 'ஆதாம் ஏவாளின் வாழ்க்கை' என்ற பழைய நூலில் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியாரிடம் சொன்னேன். "அட, இது எங்க இப்லீஸ் கதைல்ல சார்" என்றார். குர்ஆனில் இப்லீஸ், நான் நெருப்பு, அவன் மண் என்று மறுக்கிறான். எனக்கென்னவோ பொறாமைதான் செருக்கைவிட நம்பும்படியான காரணமாகப் படுகிறது. புதிதாக வந்த வாத்தியாருக்கு வணக்கம் வைக்காத பழைய வாத்தியார்களை நான் நிறையப் பார்த்தவன்.

மெய்யென்று எடுத்துக்கொண்ட ஏனோக்கு நூல் பிறகு ஏன் தள்ளப்பட்டது? உடம்பில்லாத தூதர் எப்படிப் பிள்ளை பெற முடியும் என்ற கேள்வி பெரிதாகிவிட்டது. 3-ஆம் நூற்றாண்டில் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் வேறு விளக்கம் சொன்னார்: இறைவனின் புதல்வர் என்றால் சேத்தின் வம்சம், மனிதரின் புதல்வியர் என்றால் காயின் வம்சம். 5-ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீனும் அந்தப் பக்கமே நின்றார். அவருக்குச் சொந்தக் கணக்கு ஒன்றும் இருந்தது. இளமையில் ஏறக்குறைய ஒன்பது வருடம் மானியின் மதத்தில் இருந்தவர். ஒளி ஒரு ராஜ்யம், இருள் ஒரு ராஜ்யம், இரண்டும் அநாதி என்று நம்பியவர். அதிலிருந்து வெளியே வந்தவருக்குத் தீமை ஒரு பொருள் என்று ஒப்புக்கொள்வதே ஆகாது. நன்மை குறைந்த இடம்தான் தீமை. முதல் தூதன் ஏன் கெட்டான் என்று காரணம் தேடுவது இருட்டைக் கண்ணால் பார்க்கவும் மௌனத்தைக் காதால் கேட்கவும் முயல்வது போல என்கிற பொருளில் எழுதினார். அழகான பதில். பதிலா என்றால், தெரியவில்லை. 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இதைக் கோட்பாடாகவே அறிவித்தது: பசாசுகளைக் கடவுள் நல்லவையாகப் படைத்தார், அவை தாமாகக் கெட்டன. உலகத்தைப் படைத்ததே கெட்டவன் என்ற கத்தாரியரை எதிர்த்துத் தென் பிரான்சில் சிலுவைப்போர் தொடங்கி அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. 1244-இல் மோன்செகூர் கோட்டை விழுந்தபோது இருநூறுக்கும் மேற்பட்டவர்களை எரித்தார்கள்.

தள்ளிப்போட்ட புத்தகத்தை ஒரே ஒரு திருச்சபை பைபிளுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றியது: எத்தியோப்பியா. முழு நூல் அவர்களுடைய பழைய வழிபாட்டு மொழியான கீஸில் மட்டும் பிழைத்தது. 1773-இல் ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மூன்று பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்; 1821-இல் ரிச்சர்டு லாரன்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1952-இல் கும்ரானின் நாலாம் குகையில் அரமேய மூலத்தின் துண்டுகளும் அகப்பட்டன.

எனக்கு இங்கேதான் எங்கள் ஊர்க் கறுப்புப் பசாசின் சுரூபம் ஞாபகம் வந்தது. இத்தாலியின் ராவென்னா நகரில் 6-ஆம் நூற்றாண்டுக் கோயிலொன்றில், நிறக் கற்கள் பதித்த படம் இருக்கிறது. நடுவில் கிறிஸ்து. ஒரு பக்கம் மூன்று செம்மறியாடுகள், சிவந்த தூதர். மறுபக்கம் மூன்று வெள்ளாடுகள், நீலத் தூதர். அந்த நீலத்தவன்தான் சாத்தானின் மிகப் பழைய உருவம் என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. கொம்பில்லை, வாலில்லை, ஒளிவட்டம்கூட இருக்கிறது. ஆனால் அதற்கும் முன்பே, 4-ஆம் நூற்றாண்டில் அத்தனாசியுஸ் எழுதிய வனத்து அந்தோணியார் வரலாற்றில், பசாசு கறுப்புப் பையனாக வந்து நிற்கிறான். எகிப்துத் துறவிகளின் கதைகளில் அவன் எத்தியோப்பியன் என்றே வருவதும் உண்டு. பேய்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லும் புத்தகத்தைப் பத்திரமாகத் தோல் ஏட்டில் எழுதி எழுதி வைத்திருந்தது யாரோ, அவர்கள் முகத்தைத்தான் பேய்க்கு ஒட்டியிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அந்தப் பையனைக் கூப்பிட்டு எசாயா 14-ஐத் திறந்து கொடுத்தேன். மரங்கள் சந்தோஷப்படும் இடத்தில் சிரித்தான். முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"இது ராஜாவத் திட்டுற பாட்டுல்ல சார்?"

"ஆமா."

"அப்ப சாத்தான எங்க சார் திட்டிருக்காங்க?"

இரண்டாம் மணி அடித்தது. பிள்ளைகள் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்கள்.