கையுறை போட்டவனைப் பார்த்துச் சிரிக்கலாமா? ஒரு சிறு வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. மேசன் வேலை, கம்பி வேலை, வயல் வேலை செய்பவர்களும், வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் பொறுமையாக வாசித்துவிடுங்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகளின் உம்மா வாப்பாமாரும் வாசிக்க வேண்டும்.

இரண்டு கிழமைக்கு முன்னர் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, நம்மிடம் படித்த பொடியன் ஒருவன் ஸலாம் சொன்னான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு மேசன் ஒருவரோடு கையாளாக வேலைக்குப் போகிறான். முஸாபஹாவுக்குக் கையை நீட்டினோம். அவன் விரல் நுனியை மட்டும் தந்துவிட்டு இழுத்துக்கொண்டான். கையைத் திருப்பிக் காட்டச் சொன்னோம். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. விரல் இடுக்குகளில் தோல் வெந்து சிவந்திருந்தது. முந்திய நாள் சிலெப் போட்ட ஒரு வீட்டில் சீமெந்துக் கலவையை வெறுங்கையால் அள்ளியிருக்கிறான்.

"ஏண்டா கிளவுஸ் போடல்ல?" என்று கேட்டோம்.

"போட்டா மத்தாக்கள் சிரிக்காங்க சேர். பொம்புளப்புள்ளயாடா நீ எண்டு கேக்காங்க."

அந்தப் பதில் நம்மை விடவில்லை. வரலாறு படிப்பிப்பவர்கள் நாம். மன்னர்கள் கட்டிய குளங்களைப் பற்றி வருடா வருடம் பாடம் எடுக்கிறோம். அந்தக் குளக்கட்டுக்கு மண் சுமந்த கைகளைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. இந்தச் சிரிப்புக்கு வரலாற்றில் ஏதாவது நியாயம் இருக்கிறதா என்று தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. மாறாகக் கிடைத்ததைத்தான் கீழே எழுதுகிறோம்.

கையுறை என்றதும் பணக்காரர்களின் சாமான் என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது. 1922இல் எகிப்தில் துட்டன்காமன் மன்னனின் கல்லறையைத் திறந்தபோது, உள்ளே லினன் நூலால் நெய்த கையுறைகள் கிடைத்தன. அவை 3,300 வருடங்களுக்கு முந்தியவை. அரசனின் கைக்கென்று செய்யப்பட்டவை.

ஆனால் உழைப்பவனின் கையுறையும் பழையதுதான். கிரேக்கரின் பழைய காவியமான ஒடிஸியின் கடைசிப் பகுதியில் லயேர்ட்டஸ் என்ற கிழவர் வருகிறார். ஒரு காலத்தில் அரசராக இருந்தவர். இப்போது கிழிந்து தைத்த உடுப்போடு தோட்டத்தில் மண் கிளறுகிறார். கையில் கையுறை. ஏன்? முள் குத்தாமல் இருக்க. 14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட லட்ரல் சால்ட்டர் என்ற கையெழுத்துப் பிரதியில் மாடு பூட்டி உழும் காட்சி ஒன்று வரையப்பட்டிருக்கிறது. அதில் ஏர் பிடிப்பவனின் கையிலும் கையுறை இருக்கிறது. ஏர் பிடித்தவனைப் பார்த்து "பொம்புளப்புள்ளயா" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அரபு நாட்டிலும் அந்தக் காலத்திலேயே கையுறை இருந்தது என்பது நமக்குத் தெரிந்த விசயம்தான். இஹ்ராம் கட்டிய பெண் கையுறை அணியக் கூடாது என்ற சட்டத்தை ஹஜ் வகுப்பில் எல்லோரும் படித்திருக்கிறோம். இல்லாத ஒன்றுக்குத் தடை வராது.

பழைய காலத்தில் உழைப்பவனின் கையுறை பெரும்பாலும் தோல்தான். துணியில் நூல் நேர்கோட்டில் ஓடுவதால் ஓரிடத்தில் கிழிந்தால் அது அப்படியே ஓடிவிடும். மாட்டுத் தோலில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முள் கீறினாலும் கீறல் அந்த இடத்தோடு நின்றுவிடும். சூட்டையும் தாங்கும். இன்றைக்கும் வெல்டிங் செய்பவர், கருங்கல் தூக்குபவர், கம்பி வளைப்பவர் கைக்குத் தோல்தான் பொருத்தம். ஆனால் தோலுக்கு ஒரு குறை உண்டு. தண்ணீரை உறிஞ்சும். ஈர வேலைக்கு வேறொன்று தேவைப்பட்டது.

அந்த வேறொன்றுதான் இறப்பர். பச்சை இறப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் வெடிக்கும். அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1839இல் இறப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகிறது என்று கண்டுபிடித்தார். அதற்குச் சுமார் ஐம்பது வருடங்களுக்குப் பிறகு நடந்த ஒரு கதையைத்தான் அந்தப் பொடியனுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தோம்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை. வருடம் 1889. சத்திரசிகிச்சைக் கூடத்தின் தலைமைத் தாதி கரோலின் ஹாம்ப்டன். கிருமி கொல்வதற்காகப் பாதரசம் கலந்த கரைசலில் தினமும் கை கழுவ வேண்டியிருந்ததால் அவரது கைத்தோல் வெந்து புண்ணாகிவிட்டது. வேலையை விடும் நிலை. அங்கிருந்த சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் இறப்பர் கம்பனியிடம் சொல்லி மெல்லிய இறப்பர் கையுறை செய்வித்துக் கொடுத்தார். அடுத்த வருடம் அவர்கள் இருவரும் திருமணமும் செய்துகொண்டார்கள்.

இன்று உலகத்திலுள்ள வைத்தியர்கள் எல்லோரும் போடும் கையுறையின் தொடக்கங்களில் ஒன்று இது. நோயாளியைக் காப்பாற்றும் நோக்கம் பிறகுதான் வந்தது. முதல் நோக்கம், வேலை செய்து வெந்துபோன ஒரு கையைக் காப்பாற்றுவது. கரோலினின் கைக்கு வந்த கேடும் நமது பொடியனின் கைக்கு வந்த கேடும் ஒரே வகையானவை. அவருக்கு 1889இல் கையுறை கிடைத்தது. இவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு வேதனையும் இருக்கிறது. அந்த இறப்பருக்கும் நமது நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்தவை சில ஆயிரம்தான். அவற்றில் சுமார் 1,900 நாற்றுகள் அதே வருடம் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கமெல்லாம் இறப்பர்த் தோட்டங்கள் வந்தன. 1952இல் சீனாவோடு செய்த ஒப்பந்தத்தின்படி இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கினோம். 1976இல் ஹேலீஸ் குழுமம் டிப்ட் புரொடக்ட்ஸ் என்ற கையுறைக் கம்பனியைத் தொடங்கியது. இன்று இலங்கையில் செய்த கையுறையை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொழிலாளிகள் போடுகிறார்கள். நமது ஊர்ப் பொடியன் வெறுங்கையால் சீமெந்து அள்ளுகிறான்.

அடுத்த மாற்றம் 1965இல் வந்தது. டூபொண்ட் கம்பனியில் ஸ்டெபனி குவொலெக் என்ற பெண் இரசாயனவியலாளர், வாகன டயருக்காக ஒரு நார் தேடிக்கொண்டிருந்தபோது புதிய இழை ஒன்றைக் கண்டுபிடித்தார். பிறகு அதற்குக் கெவ்லார் என்று பெயர் வைத்தார்கள். ஒரே எடையில் உருக்கை விட ஐந்து மடங்கு பலமானது. தகடு, கண்ணாடி தூக்குபவர்களுக்கு வெட்டுப்படாத கையுறைகள் இப்படிப்பட்ட இழைகளால் பின்னப்படுகின்றன.

கடைசியாக 1994இல் ஐரோப்பியர்கள் ஈஎன் 388 என்ற தரநிலையைக் கொண்டுவந்தார்கள். 2016இல் அதைத் திருத்தினார்கள். நல்ல கையுறையின் புறங்கையில் ஒரு கேடயமும் அதற்குள் சுத்தியல் படமும், கீழே நான்கு இலக்கங்களும் இருக்கும். முதல் இலக்கம் தேய்மானம், இரண்டாவது வெட்டு, மூன்றாவது கிழிவு, நான்காவது குத்து. இரண்டாவது 5 வரை போகும், மற்றவை 4 வரை. அதற்குப் பின்னால் வரும் எழுத்தும் வெட்டைத் தாங்கும் அளவுதான். ஏ குறைவு, எஃப் கூட. நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றால் முதல் இலக்கத்தைப் பாருங்கள். சோதனையில் 1 வாங்கிய கையுறை 100 தேய்ப்பு தாங்கியது. 4 வாங்கியது 8,000 தேய்ப்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் ஒன்றுதான். எல்லா வேலைக்கும் ஒரே கையுறை என்று ஒன்று இல்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கேட்டுக்கு மருந்தாக வந்தது. ஆகவே ஹார்ட்வெயார் கடையில் "நல்ல கிளவுஸ் ஒண்டு தாங்க" என்று கேட்காமல், என்ன வேலைக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

1. சீமெந்து வேலை: ஈரச் சீமெந்து கடும் காரம். சுண்ணாம்பு போலச் சுடும். அதிலுள்ள குரோமியம் ஒவ்வாமையையும் கொண்டுவரும். ஐரோப்பாவில் 2005இலிருந்து சீமெந்தில் அதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இதற்குத் தோல் கையுறை கூடாது, ஊறிவிடும். உள்ளங்கையில் மட்டும் இறப்பர் பூசியதும் போதாது, முதுகுப் பக்கத்தால் ஈரம் இறங்கும். முழுக்க இறப்பரில் அல்லது நைட்ரைலில் தோய்த்த, மணிக்கட்டுக்கு மேல் வரும் கையுறை வேண்டும். உள்ளே கலவை போய்விட்டால் உடனே கழற்றிக் கையை நன்றாகத் தண்ணீரில் கழுவுங்கள். கையுறைக்குள் அடைபட்ட சீமெந்து வெறுங்கையை விட மோசமாகச் சுடும்.

2. கம்பி, கல், விறகு, வெல்டிங்: மாட்டுத் தோல். உள்ளங்கையில் இரண்டாவது தோல் துண்டு வைத்துத் தைத்திருந்தால் நீண்ட நாள் வரும். வாங்கும்போது உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். பெரும்பாலும் தோல் தேயும் முன்னர் பெருவிரலடித் தையல்தான் பிரியும். நனைந்தால் நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் பலகை போல் இறுகிவிடும்.

3. கராஜ், எண்ணெய் வேலை: சாதாரண இறப்பர் எண்ணெயிலும் பெற்றோலிலும் ஊதிப் பழுதாகும். நைட்ரைல் என்ற செயற்கை இறப்பரைக் கேளுங்கள். அது எண்ணெயைத் தாங்கும்.

4. தகரம், கண்ணாடி: வெட்டைத் தாங்கும் இழையால் பின்னியது. இங்கே முதல் இலக்கத்தை விட இரண்டாவது இலக்கமும் எழுத்தும் முக்கியம்.

அளவையும் பாருங்கள். பெரிய கையுறையில் பிடி வழுக்கும். சிறியதில் கை சோர்ந்து, பத்து நிமிடத்தில் கழற்றி எறிய மனம் வரும்.

ஒரு எச்சரிக்கை. சுழலும் மெசினுக்குப் பக்கத்தில் கையுறை போடாதீர்கள். கடைசல் மெசின், நிறுத்தி வைத்துத் துளையிடும் ட்ரில், சூடடிக்கும் மெசின் இவை கையுறையின் நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். அங்கே வெறுங்கைதான் பாதுகாப்பு.

இனி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நாட்டில் வேலையில் காயப்பட்டவனுக்கு நட்டஈடு கொடுக்கும் கட்டளைச் சட்டம் 1934இலும், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலும் வந்தன. நமது தெருவில் வீடு கட்டும்போது இவற்றை யாரும் நினைப்பதில்லை. கொப்பியில் கம்பி எத்தனை, மூட்டை எத்தனை, கல்லு எத்தனை என்று எழுதுகிறோம். அதே கொப்பியில் "கையுறை, ஆறு சோடி" என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஒரு சோடியின் விலை ஒரு மூட்டைச் சீமெந்தின் விலையை விடக் குறைவு. வியர்வை உலரும் முன்னர் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நமது மார்க்கம். கூலிக்காரனின் தோலைப் பற்றியும் கொஞ்சம் யோசிப்போம். பள்ளிவாசல் கட்டட வேலையிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

மேசன்மாரே, காக்காமாரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கை காய்த்துப் போனது உங்கள் உழைப்பின் அடையாளம். அதை நாம் மதிக்கிறோம். ஆனால் உங்களிடம் தொழில் பழக வந்த பிள்ளையின் கை வெந்துதான் தொழில் படிய வேண்டும் என்பதில்லை. நீங்கள் முதலில் போட்டால் அவன் வெட்கமில்லாமல் போடுவான்.

போன சனிக்கிழமை அந்தப் பொடியனுக்கு முழுக்கத் தோய்த்த கையுறை ஒரு சோடி வாங்கிக் கொடுத்தோம். கரோலினின் கதையையும் சொன்னோம். சிரித்தான். "புண் ஆறாட்டி ஆஸ்பத்திரிக்குப் போ" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினோம். இந்தக் கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பார்க்க வேண்டும். முழுக் கையையும் தருகிறானா என்று.