உறைபனியைப் படமாக்கிய பொண்டிங்

வெண்தாளின்மீது வெண்ணிற மையால் எழுத முற்படுவோனின் நிலை யாதோ, அதுவே உறைபனி மூடிய நிலத்தைப் படம்பிடிக்கப் புகுவோனின் நிலையுமாகும். வானும் வெண்மை, மண்ணும் வெண்மை. தொலைவில் நிற்பது சிறு மேடா, பெரு மலையா என்று கண்ணே தடுமாறும். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியையே பனியென்று அறிந்த நம் நேயர்களுக்கு இவ்விடர்ப்பாடு புதுமையாகத் தோன்றலாம்.

இவ்விடர்ப்பாட்டோடு போராடியவர்களுள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஹேர்பேர்ட் பொண்டிங் என்னும் ஆங்கிலேயர். கப்டன் ஸ்கொட் 1910ஆம் ஆண்டு தென்துருவத்தை நாடிப் புறப்பட்டபொழுது, 'டெரா நோவா' கப்பலில் படப்பிடிப்பாளராகச் சென்றவர் அவரே. 1911 சனவரித் தொடக்கத்தில் அக்கப்பல் அந்தாட்டிக்காவின் எவன்ஸ் முனையை அடைந்தது. சனவரி 5ஆந் தேதி, மிதந்து வந்த பனிப்பாறை ஒன்றினுள் குகையொன்று இருக்கக் கண்டார் பொண்டிங். உள்ளே சென்று, குகை வாயிலையே சட்டமாகக் கொண்டு, அப்பால் தொலைவில் நின்ற கப்பலை அதனுள் அமைத்தார். அவர் எடுத்த படங்களுள் ஒன்றில், தோழர்களான டெய்லரும் ரைற்றும் குகை வாயிலில் நிற்கின்றனர். அவ்விரு கரிய உருவங்கள் இல்லையேல் குகையின் உயரத்தை எவர் அறிவார்? ஓங்கிய பனிச்சுவரும் உள்ளங்கைச் சிப்பி போலவே தோன்றியிருக்கும்.

ஆதலால் தோழர்களைப் பனிமேட்டிலும் பாறையடியிலும் நிறுத்திவைப்பது அவருக்கு வழக்கமாயிற்று. கடுங்குளிரில் அசையாது நின்று சலித்த அவர்கள், அவர் பெயரையே வினைச்சொல்லாக்கி நகைத்தனர். நிறுத்திவைத்து எடுத்த படம் உண்மையாகுமோ எனச் சிலர் வினவக்கூடும். நின்றவர் ஏவலால் நின்றனர் என்பது மெய். ஆயினும் பாறையின் பெருமை ஏவலால் வந்ததன்று. அளவைக் காட்டாத படமே பொய் சொல்வதாகும்.

நிழலின் பயனும் அவர் நன்கறிந்தது. முதுகுப்புறம் ஞாயிறு நின்றால் பனிவெளி தட்டையாகிவிடும். தாழ்ந்த ஞாயிறு பக்கவாட்டில் ஒளி வீசும்பொழுதே காற்று வரைந்த வரம்புகளும் சறுக்குவண்டித் தடங்களும் நிழல் கொண்டு எழும்.

குளிரோ கருவியையும் கைகளையும் விட்டுவைக்கவில்லை. மூச்சு பட்டால் கண்ணாடிவில்லையில் பனி படரும். வெளியிலிருந்து கமராவைக் கதகதப்பான குடிலினுள் கொணர்ந்தால் அதன்மேல் ஈரம் படியும். ஒருமுறை கமராவின் உலோகப் பகுதியில் தற்செயலாகப் பட்ட நாநுனி அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்ள, தோல் பிய்ந்துதான் நா விடுபட்டது.

ஞாயிறே எழாத நான்கு மாத இருளில், பர்மா, இந்தியா, யப்பான் முதலிய நாடுகளில் தாம் கண்டவற்றை விளக்குப்படங்களாகக் காட்டி விரிவுரை நிகழ்த்தினார். துருவம் நோக்கிய நெடும்பயணத்திற் பாரமான கண்ணாடித் தகடுகளைச் சுமந்து செல்லல் இயலாது. ஆகவே ஸ்கொட்டுக்கும் பவர்ஸுக்கும் வேறு சிலருக்கும் படப்பிடிப்பைக் கற்பித்தார். நாற்பதைக் கடந்திருந்த தளபதி அடக்கத்தோடு மாணாக்கராக அமர்ந்தமை பாராட்டற்குரியது. 1912ஆம் ஆண்டு, துருவக் குழுவின் கதி அறியாமலே, பொண்டிங் தாயகம் திரும்பினார்.

அதற்குள் ஐவர் துருவத்தை அடைந்திருந்தனர். நோர்வே நாட்டு அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14இலேயே அங்கு வந்து சென்றதை அறிந்து உள்ளம் உடைந்தனர். 1912 சனவரி 18ஆந் தேதி படத்துக்காகக் கூடியபொழுது, அவ்விடத்தில் குகையில்லை, மலையில்லை. எல்லையற்ற தட்டை வெளி. எட்ட நின்று அளவு காட்டவும், கமராவின் பின்னே நின்று படமெடுக்கவும் ஆளில்லை. மூவர் நின்றனர், இருவர் முன்னே அமர்ந்தனர். அமர்ந்தவருள் ஒருவரான பவர்ஸ் நூலொன்றை இழுத்துக் கமராவை இயக்கினார்.

ஐவருள் எவரும் மீளவில்லை. 1912 நவம்பரில் தேடிச் சென்றோர், பனியிற் புதைந்த கூடாரத்தில் மூவரின் உடல்களையும் படச்சுருள்களையும் கண்டெடுத்தனர். துலக்கிய படத்தில் பின்னணி வெறும் வெண்மை. களைத்துக் கறுத்த ஐந்து முகங்களே அந்நிலத்தின் கொடுமையை அளந்து காட்டுகின்றன. பவர்ஸின் கையில் அந்த நூலும் உள்ளது.