மிதிவண்டித் திறன்மானி

மிதிவண்டித் திறன்மானி என்பது மிதிவண்டி ஓட்டுபவர் வெளிப்படுத்தும் திறனை வாட்டு அலகில் அளக்கும் கருவியாகும். செருமானியப் பொறியியலாளர் உல்ரிச் சோபெரர் 1986 ஆம் ஆண்டில் இத்தகைய கருவியொன்றை உருவாக்கினார்.

செயற்பாடு

மிதிக்கும்போது உலோகத்தில் ஏற்படும் நுண்ணிய வளைவைத் திரிபுமானிகள் உணர்கின்றன. அதிலிருந்து பெறப்படும் முறுக்குவிசையைக் கோண வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும்.

தெரிவு

இக்கருவி மிதிகட்டை, கிராங்க் தண்டு, முன் பற்சக்கரத் தாங்கி, பின்சக்கரக் குடம் ஆகியவற்றுள் ஒன்றில் அமைந்திருக்கும்.

மிதிகட்டை வகையை வேறு மிதிவண்டிக்கு எளிதில் மாற்றலாம். ஆனால் காலணிப் பூட்டின் வகையும் மிதிகட்டை அச்சின் நீளமும் அதனுடனேயே அமைந்துவிடுகின்றன. அச்சின் நீளம் பாதங்களுக்கு இடையேயுள்ள அகலத்தை மாற்றும். எனவே முழங்கால் அல்லது இடுப்பு அமைப்பின் பொருட்டுத் தனி அளவிலான மிதிகட்டை தேவைப்படுவோருக்கு ஏனைய வகைகளே பெரும்பாலும் பொருந்தும்.

மாறாக, உடலமைப்புக்கேற்பக் கிராங்க் நீளத்தை மாற்ற விரும்புவோருக்கு மிதிகட்டை வகை ஏற்றது. புதிய நீளத்தைக் கருவியில் பதிந்தாற் போதும். 165 மி.மீ. கிராங்கிற்கு 170 மி.மீ. எனப் பதிந்தால் திறன் சுமார் 3% கூடுதலாகக் காட்டப்படும்.

ஒரு காலை மட்டும் அளக்கும் கருவிகள் அவ்வளவை இரட்டித்துக் காட்டுகின்றன. ஆகையால் இரு கால்களின் வலிமை வேறுபடுவோருக்கு அவை பிழையான அளவைத் தரலாம்.