பாய் கொடுத்தவள்

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். மன்னார்ப் பக்கத்தார் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். அப்படி வந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் தங்கியது புத்தளம் மாவட்டத்தில்தான்.

அந்த முதல் நாட்களில் பட்டியல் என்று ஒன்றும் இருக்கவில்லை. பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் சனம் நிறைந்திருந்தது. எங்கள் உம்மா அரிசியை அளக்காமல் உலையில் போட்டார். பக்கத்து வீட்டில் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் ஒரு பெண் இருந்தாள். வீட்டில் இருந்தவை இரண்டு பாய்கள். ஒன்றைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். கொடுப்பவரும் வாங்குபவரும் முகம் பார்த்துக் கொண்ட காலம் அது. உதவி வழிதவற இடமிருக்கவில்லை.

பிறகு முகாம்கள் வந்தன, நிவாரண அட்டை வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபாப் பெறுமதியான உலர் உணவு. விலைவாசி ஏறிக்கொண்டே போக, அந்தத் தொகை மட்டும் ஆண்டுக்கணக்காக அசையவில்லை. ஆலங்குடாவிலும் தில்லையடியிலும் கிடுகுக் கொட்டில்கள் மக்கிப்போய்க்கொண்டிருந்தன. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது உலகத்தின் கொடையெல்லாம் வேறு கரைகளுக்குப் போயிற்று. அது நியாயமே; அங்கே பிணங்கள் கிடந்தன. ஆனால் பதினான்கு வருடம் கொட்டிலில் கிடந்தவனின் துயரம் செய்தியாக மிகவும் பழசாகிவிட்டது. 2009இல் போர் முடிந்தபின் இவர்களுக்குப் 'பழைய அகதிகள்' என்றே பெயராயிற்று. மீள்குடியேற்ற உதவியில் முதலிடம் புதியவர்களுக்கு.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அதைப் பேசினால் இரு பக்கத்தாருக்கும் கோபம் வரும். வந்தவர்கள், வயிற்றுப்பாட்டுக்குக் குறைந்த கூலிக்கும் தோட்டங்களில் இறங்கினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கூலி விழுந்தது உள்ளூர் ஏழையின் தலையில். அவனிடம் நிவாரண அட்டையும் இல்லை. அவன் எதையும் இழந்ததாக எந்தப் படிவத்திலும் பதியப்படவில்லை. பாய் கொடுத்தவள், கூட்டுறவுக் கடையின் நிவாரண வரிசையை ஒருநாள் வேலிக்கு இப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்களுக்கு என்ன பேர், தம்பி?" என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

உலக வங்கியின் உதவியோடு 2007இல் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் உள்ளூர் ஏழைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே அவள் மௌத்தாகிவிட்டாள்.